பதினேழாம் எண் கப்பலின் புகை

எங்கள் புத்தகத்தின் எடை நாலரைக் கிலோ. உலகத்தில் எந்த நாட்டிடம் எத்தனை போர்க்கப்பல், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எத்தனை பீரங்கி, என்ன வேகம் என்று ஆண்டுக்கொரு முறை அச்சடித்துச் சொல்கிற புத்தகம். வாங்குகிறவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். தளபதிகள், அமைச்சர்கள், ஆயுத வியாபாரிகள். கையில் கிடைத்ததும் எதிரி நாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு மனிதர்களைத் தெரியவில்லை. சொந்த நாட்டுப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள், கல்யாண ஆல்பத்தில் தன் மூஞ்சி எங்கே என்று தேடுகிற மாதிரி.

கப்பலைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒரு மண்ணும் தெரியாது. என் பெரியப்பா ஜவுளிக்கடைக்காரர். முப்பது வருடத்துக்கு முன்னால், திவாலான அச்சகம் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். அவர் கண் வைத்தது உள்ளே அடுக்கியிருந்த தாளின் மேல். பழைய வீட்டை வாங்கினால் அங்கிருக்கிற பூனையும் சேர்ந்து வருகிற மாதிரி, தாளோடு இந்தப் புத்தகமும் வந்தது. தலைமுழுகிவிடலாம் என்று பார்த்தபோதுதான் கடற்படைக்காரர்கள் அதற்காக வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. அன்றிலிருந்து அவர் கடற்படை நிபுணர். கடலில் கணுக்கால் வரைக்கும் இறங்கியிருக்கிறார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

நான் அவருடைய பக்க ஆசிரியன். "கடையில பொறந்தவன், பேசத் தெரியும்" என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தகுதி. அதுவே போதுமானதாகவும் இருந்தது. புத்தகத்தில் பாதி பேரத்தில் வந்ததுதானே. அச்சுக்குப் போவதற்கு முந்தைய மாதம் அதிகாரிகள் ஒவ்வொருவராக வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பையனின் சம்பளத்தைச் சொல்வது போலக் கப்பலின் வேகத்தைச் சொல்வார்கள். ஒருவர் மணிக்கு முப்பத்திரண்டு கடல்மைல் என்பார். நான் இருபத்தைந்து என்பேன். கோபித்துக்கொண்டு எழுந்திருப்பார். நான் தடுக்க மாட்டேன். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்காருவார். இருபத்தெட்டில் முடியும். அந்தக் கப்பல் உண்மையில் எவ்வளவு வேகம் போகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. கடலே இல்லாத நாடு ஒன்று இருக்கிறது, ஏரியில் ஒரே ஒரு படகு வைத்துக்கொண்டு. வருடந்தோறும் பதினோரு பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அவர்கள்தான்.

பேரத்துக்கு அப்புறம் படிவம். போன வருடத்துப் பக்கத்தை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டிருப்போம். மாறியதை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். யார் எழுதுவார்கள்? எங்கள் நாட்டுக் கடற்படைத் தலைமையகத்தில் இதற்கென்றே ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார்கள். 'மாற்றம் இல்லை.' கட்டத்துக்கு ஒரு குத்து. தங்கள் கப்பல்களின் விவரங்களை அவர்கள் எந்தப் பதிவேட்டில் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்தேன். எங்கள் புத்தகத்தில்தான் பார்க்கிறார்களாம். நாங்கள் அவர்களைக் கேட்கிறோம், அவர்கள் எங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒரு வருடம் அச்சுப்பிழையில் ஒரு கப்பலின் நீளத்தில் ஒரு பூஜ்ஜியம் கூடிவிட்டது. மூன்று வருடம் 'மாற்றம் இல்லை' வாங்கிக்கொண்டு அது அப்படியே இருந்தது. நான்காவது வருடம் அதற்குத் தகுந்த மாதிரி துறைமுகத்தை நீட்ட டெண்டர் விட்டார்கள்.

இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்துக்குத்தான் அந்தப் பெண்மணி வந்தார்.

நாற்பது வயதிருக்கும். தையல் வேலை செய்கிறவர் என்பது விரல் நுனியைப் பார்த்தால் தெரியும். கையில் எங்கள் புத்தகப் பக்கத்தின் நகல், மடித்து மடித்து நடுவில் கிழிந்து, ஒட்டுப் போட்டது.

"பதினேழாம் நம்பர் கப்பலைப் பத்தி எழுதினது யாரு?"

"நான்தான். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "எப்பப் பாத்தீங்க அதை?"

கடலடியில் கண்ணிவெடி தேடுகிற சின்னக் கப்பல் அது. அதை நான் பார்த்ததில்லை. எந்தக் கப்பலையும் பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் "என்ன விஷயம்மா?" என்றேன்.

விஷயம் இதுதான். அவருடைய தம்பி அந்தக் கப்பலில் இஞ்சின் மெக்கானிக். இருபது வயதில் ஏறியவன், பதினோரு வருடம் அதிலேயே இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், தளபதி பார்வையிடும் அணிவகுப்புக்கு ஒத்திகை என்று கப்பல் கிளம்பியது. அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. நேரமில்லை என்று அதன் மேலேயே பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். கப்பல் திரும்பவில்லை. உள்ளே முப்பத்தோரு பேர். கடற்படை வாய் திறக்கவில்லை. கப்பல் பணியில் இருக்கிறது என்றார்கள். கப்பல் பணியில் இருக்கிறது, ஆனால் ஆள் பணியில் இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஆள் ஓடிப்போய்விட்டான் என்று அர்த்தம்.

"முப்பத்தோரு பேரும் ஒரே நாள்ல ஓடிப்போயிட்டாங்களாம் சார். கப்பல் மட்டும் ஒழுங்கா வேலைக்கு வருதாம்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"மாசத்துக்கு ரெண்டு தடவை ராணுவப் போலீஸ் வருது. கட்டிலுக்கு அடியில பாக்குறான், பீரோவைத் தொறந்து பாக்குறான், தண்ணித் தொட்டிக்குள்ள டார்ச் அடிக்கிறான். எங்கம்மா அவனுக்கு டீ போட்டுக் குடுத்து, 'கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுப்பா'ங்குறாங்க. தெருவுல எங்க வீட்டுக்குப் பேரே ஓடிப்போனவன் வீடு. நான் எங்கே போய்க் கேட்டாலும் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுறாங்க. 'உலகமே ஒத்துக்கிட்ட புத்தகம்மா, இதுல கப்பல் இருக்கு பாரு'ன்னு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் கப்பலை எடுத்துடுங்க. என் தம்பி ஓடலை. செத்துட்டான். அதை எழுதுங்க, போதும்."

பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். முப்பத்தோரு பெயர்கள், பணி எண்கள், வீட்டு முகவரிகள். இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் எழுதியது. நாலரைக் கிலோ புத்தகத்தில் நான் இத்தனை வருடம் எழுதிய எதையும் யாரும் இப்படிப் போய்ச் சரிபார்த்ததில்லை.

பெரியப்பாவிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"தெரியும்டா."

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நாப்பது கப்பல் இருந்தாத்தான் தளபதிக்கு நாலு நட்சத்திரம். முப்பத்தொம்பதுன்னா ஒண்ணைக் கழட்டிக் குடுக்கணும். அந்த எண்ணிக்கையை எங்க பாத்து எண்ணுறாங்க? நம்ம புத்தகத்துல. அதை நாம குறைச்சா அந்த ஆளு நம்மளை அடுத்த வருஷம் அச்சடிக்க விடுவானா?"

"முப்பத்தோரு பேர் செத்திருக்காங்க பெரியப்பா."

"நம்மளது கப்பல் புத்தகம்டா. ஆள் புத்தகம் இல்ல. போய் வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தேன். என் வேலை பேரம்.

கடையில் ஒரு வித்தை உண்டு. ஒரு துணிக்குக் கத்திக் கத்திப் பேரம் பேச வேண்டும். கடைசியில் அதில் தோற்க வேண்டும். வாடிக்கையாளர் ஜெயித்துவிட்ட மிதப்பில் இருக்கும்போது, அடுத்த துணியைப் பேசாமல் அளந்து வெட்டிவிட வேண்டும். பெரியப்பாவிடம் கற்றதுதான். அவர் அதை மறந்துவிட்டார், நிபுணர் ஆகிவிட்டதால்.

எங்கள் புத்தகத்தில் பழைய விதி ஒன்று இருந்தது. ஏழு வருடமாகப் புதுப் படம் இல்லாத கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். நாங்கள் வந்ததிலிருந்து யாரும் போட்டதில்லை. தலைமையகத்தின் புள்ளிவிவர அதிகாரிக்கு போன் போட்டு, பதினேழுக்குக் கேள்விக்குறி போடப் போகிறோம் என்றேன். "போடாதீங்க, போடாதீங்க!" என்று அலறினார். மறுநாள் காலை பத்து மணிக்கு, இஸ்திரி கலையாத வெள்ளை உடுப்பில், நெஞ்சில் ஏழு பதக்கப் பட்டையுடன் வந்து உட்கார்ந்தார். கோப்புக் கட்டும் துறையில் என்ன வீரம் காட்டி ஏழு பட்டை வாங்கினாரோ.

"போன மாசம் எடுத்தது," என்று ஒரு படத்தை மேசையில் வைத்தார்.

பதினேழாம் எண் கப்பல்தான். கம்பீரமாக, கன்னங்கரேலென்று புகை விட்டுக்கொண்டு.

எங்கள் அலுவலகத்தில் படங்களைச் சீர்செய்கிறவர் ஒருவர் உண்டு. புகைக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். புகை இல்லாத போர்க்கப்பல் மீசை இல்லாத போலீஸ்காரன் மாதிரி என்பது அவருடைய கொள்கை. புகைபோக்கியே இல்லாத கப்பலுக்கும் கொஞ்சமாவது வரைந்துவிடுவார். அவர் பிரஷ்ஷோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அட, இது என் புகையாச்சே!"

"என்ன?" என்றார் அதிகாரி.

"நான் போட்ட புகை சார் இது. ஒம்போது வருஷம் ஆச்சு. பாருங்க, கொடி பின்னால பறக்குது, புகை முன்னால போகுது. இதுக்காக எவனோ ஒருத்தன் கேலி பண்ணிக் கடுதாசி எழுதினான். என்ன பண்றது, அன்னிக்கு முன்பக்கம் ஒண்ணை மறைக்க வேண்டியிருந்துச்சு..."

எங்கள் பழைய புத்தகத்திலிருந்து வெட்டி, புதிதாகப் பிரதி எடுத்து, எங்களிடமே கொண்டுவந்திருக்கிறார்கள். சொந்தக் கப்பலைப் படம் எடுத்து வைக்கக்கூட வக்கில்லாத கடற்படை. அதிகாரியின் கழுத்து சிவந்தது. ஆனால் ஏழு பட்டை சும்மா கொடுப்பார்களா? சமாளித்துவிட்டார்.

"கடல்ல காத்து அப்படித்தான் அடிக்கும்."

"ரெண்டு பக்கமுமா சார்?" என்றேன்.

"உங்களுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?"

"சார், இந்தப் படத்தை நான் எப்படிப் போடுவேன்? புத்தகத்தோட மானம் என்ன ஆகுறது?" என்று குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். நாட்டின் பாதுகாப்பு என்றார். நான் நூறாண்டுப் பாரம்பரியம் என்றேன். எனக்கே கூசியது. அவர் எழுந்து கதவு வரைக்கும் போனார். இந்த முறை நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"சரி, உக்காருங்க சார். காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும். படத்தைப் போட்டுடுறேன். கேள்விக்குறி வேண்டாம். ஆனா படிவம் மட்டும் முழுசா இருக்கணும், அப்புறம் மேல இருக்கவரு என்னைக் குடைவாரு."

"குடுங்க, குடுங்க." ஜெயித்த மனிதர் உட்கார்ந்தார். "படத்தை அரைப் பக்கத்துக்குப் போடணும்."

"கால் பக்கம் சார்."

"அரை."

"உங்களுக்காக அரை."

நான்கு தாள் படிவம். முதல் தாளில் நீளம், அகலம், எடை. இரண்டாவதில் இஞ்சின். மூன்றாவதில் பீரங்கி. நான்காவது தாள் அந்த வருடம் புதிது. தலைப்பு: 'இன்று கப்பலில் பணியில் உள்ளோர்.' கீழே அந்தப் பெண்மணியின் நோட்டிலிருந்து நான் தட்டச்சு செய்த முப்பத்தோரு பெயர்கள், பணி எண்களோடு. எதிரே கட்டம்.

பையிலிருந்து முத்திரையை எடுத்தார். மையைத் தொட்டுத் தொட்டு, டப் டப் என்று குத்திக்கொண்டே வந்தார். மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை. நான்காவது தாளில் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. கடைசியில் பெயர், பதவி, தேதி, வால் நீண்ட ஒரு கையெழுத்து. போகும்போது என் தோளில் தட்டி, "நல்லாப் பேரம் பேசுறீங்க," என்றார்.

அன்று மாலையே அந்தப் பெண்மணியிடம் நகலைக் கொடுத்தேன். ஒன்பதாவது வரியில் அவர் தம்பி பெயர். எதிரே இருந்த முத்திரையைப் படித்தார்.

"இது பொய்தானே?"

"பொய்தான். ஆனா அவங்க முத்திரை குத்தின பொய். உங்க தம்பி ஓடிப்போகலை, கப்பல்லதான் இருக்காருன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

"செத்துட்டான்னு எழுதுங்கன்னு வந்தேன். உயிரோட இருக்கான்னு எழுதியிருக்கீங்க."

"நான் எழுதலையேம்மா, அவருதான்..."

"டைப் அடிச்சது நீங்கதானே?"

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். ராணுவப் போலீஸ்காரன் வந்தான். பீரோவைத் திறந்த கையோடு தாளை வாங்கி இரண்டு தடவை படித்தான். பீரோவைச் சாத்தினான். டீயைக் குடிக்காமல் போய்விட்டான். அடுத்த வியாழக்கிழமை, மாலுமிகளின் வீட்டார் வந்து பார்க்கலாம் என்று கடற்படை ஒதுக்கியிருந்த நாளில், முப்பத்தோரு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு நகலோடும் ஒரு பையோடும் துறைமுக வாசலில் நின்றார்கள். பையில் மாற்று உடுப்பு, சோப்பு, பிஸ்கட்.

"யாரைப் பாக்கணும்?" என்றான் காவலாளி.

"பதினேழுல இருக்கவங்களை."

"கப்பல் கடல்ல இருக்கு."

"எப்ப வரும்?"

அவன் உள்ளே போய்க் கேட்டு வந்தான். "தெரியாதாம்."

"பரவால்ல, அடுத்த வாரம் வர்றோம்."

அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும் வந்தார்கள். கத்தவில்லை, அழவில்லை. இன்னும் வரலையா, சரி, இந்தப் பையையாவது கொடுத்துவிடுங்கள் என்றார்கள். காவலாளி அறையில் தொண்ணூற்று மூன்று பைகள் சேர்ந்தன. காவலாளிக்கு உட்கார இடமில்லை. அதிகாரிகளின் கார் உள்ளே போகும்போதெல்லாம் அவன் பைகளைக் கைகாட்டி, என்ன செய்யட்டும் சார் என்று கேட்டான். கண்ணீர் வடித்தால் கலைக்கத் தெரியும், கோஷம் போட்டால் அடிக்கத் தெரியும். பிஸ்கட் பாக்கெட்டை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

நான்காவது வாரம் புள்ளிவிவர அதிகாரி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். உடுப்பில் இஸ்திரி இல்லை. ஒரு கடிதத்தை நீட்டினார். கடந்த செவ்வாய்க்கிழமை வீசிய கடும் புயலில் பதினேழாம் எண் கப்பல் மூழ்கியது. பணியாற்றிக்கொண்டிருந்த முப்பத்தோரு பேரும் வீரமரணம் அடைந்தனர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எங்கள் மாடியில் காயப் போட்ட துணி சாயங்காலம் வரைக்கும் அசையவில்லை.

"உங்களாலதான்யா கப்பலை மூழ்கடிக்க வேண்டியதாப் போச்சு," என்றார்.

"அது முன்னாடியே..."

"பேசாதீங்க. நாப்பதாவதுக்கு வேற ஒண்ணு கொண்டுவந்திருக்கேன், அதை எழுதுங்க. தண்ணி சுமக்குற மிதவை. வேகம் இருபது."

விவரத்தைப் பார்த்தேன். "இதுல இஞ்சினே இல்லையே சார். இன்னொரு படகு கட்டி இழுக்குது."

"சரி, பன்னெண்டு."

"இஞ்சின் இல்ல சார்."

"எட்டாவது போடுய்யா, மனுஷன் கெஞ்சுறேன்ல!"

எட்டு போட்டேன். தளபதியின் நட்சத்திரங்கள் நான்கும் அப்படியே இருக்கின்றன, பார்த்தால் தெரியும். பெரியப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், மூழ்கிய கப்பலுக்குக் கறுப்புக் கட்டம் போட்டுத் தனித்தாள் அடித்தால் பழைய வாடிக்கையாளர்கள் விரும்புவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்மணி வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். கையில் கடற்படையின் கடிதம், முத்திரையோடு, தம்பி பெயரோடு.

"செவ்வாய்க்கிழமை புயல்ல செத்தான்னு போட்டிருக்கு. தெருவுல எல்லாரும் வந்து துக்கம் கேட்டுட்டுப் போனாங்க. டார்ச் அடிச்ச போலீஸ்காரனும் வந்தான். எங்கம்மா என்னைக் கேக்குறாங்க, 'ரெண்டு வருஷமா உயிரோடதான் இருந்திருக்கான், ஒரு கடுதாசி போடலையே, எங்கடி இருந்தான்'னு. என்ன சொல்லட்டும்?"

மேசையில் கிடந்த எங்கள் புத்தகத்தை நான் ஓரமாக நகர்த்தினேன்.

"உங்க புத்தகத்துல இருந்தான்னு சொல்லிடவா?" என்றார். கேலிதான். பிறகு, "அந்தக் கப்பல் படம் ஒண்ணு குடுங்க. புகை இல்லாம," என்றார்.

புகைக்காரர் உள்ளறையில் அரை மணி நேரம் உருட்டினார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய மூலப் படத்தைத் தூசி தட்டி எடுத்துவந்து, தயங்கித் தயங்கி நீட்டினார்.

"முன்பக்கம் துணி காயப் போட்டிருந்தாங்க, கயிறு கட்டி. நாலஞ்சு பேரு பனியனோட சாஞ்சுக்கிட்டு வேற. போர்க்கப்பல் படத்துல அசிங்கமா இருந்துச்சு. அதான் புகையை முன்னால இழுத்து மறைச்சுட்டேன். காத்தைப் பத்தி அப்ப யோசிக்கல."

கையகலப் படம். புகை கொஞ்சமும் இல்லை. கயிற்றில் சட்டைகள். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஐந்து பேர், ஒவ்வொருவரும் அரிசி அளவு. என் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் குனிந்து, படத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். நின்றார்.

"மூணாவது ஆளு," என்றார். "நிக்கிற லட்சணத்தைப் பாருங்க. மத்தவன் எல்லாம் வேலை செய்யுற மாதிரியாவது நடிக்கிறான். இவன் வாயில பிஸ்கட்."

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆயிற்று.